கழுவாத கால்

பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் காலைக் கழுவியதுபோல, பங்குச் சாமியார் பாதம் கழுவப்போகும் பன்னிரண்டு பேரில் தர்மராஜும் ஒருவர் என்று கோயிலில் அறிவித்தார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டில் அவருடைய இரண்டு கால்களுக்குத்தான் ராஜ மரியாதை.

துவைக்கிற கல்லில் தேய்த்தார். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தார். திருப்தியில்லை. இராமநாதபுரம் போய் ஒரு பியூட்டி பார்லரில் காலை நீட்டினார்.

"கல்யாணமா சார்?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"கோயில் காரியம்மா. நல்லாத் தேயி."

மனைவி ஜெசிந்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எல்லாத்தையும் நீங்களே கழுவிட்டா, சாமியார் என்னத்தக் கழுவுவாரு?"

"மஸ்கட்ல இருந்து மகன் லைவ்ல பாப்பான்டி. ஊரே பாக்கும்!"

வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து கட்டிலை விட்டே இறங்கவில்லை. சாயங்காலம், வயசான அப்பாவை வீட்டில் விட்டு முன்கதவைப் பூட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் கோயிலுக்கு மனைவியோடு ஆட்டோவில் போனார்.

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி. பதினோரு பேர் வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் சந்தியாகுவைத்தான் காணோம்.

பிரசங்கம் முடியப்போகிற நேரத்தில் ஓடி வந்தான். அவன் காலைப் பார்த்த தர்மராஜுக்குப் பகீரென்றது. கணுக்கால் வரைக்கும் சேறு! வாசலிலிருந்து பீடம் வரை தடம். உட்கார்ந்ததோ அவருக்குப் பக்கத்து நாற்காலியில்.

"ஏலே, அங்கிட்டுத் தள்ளி உக்காரு" என்று பல்லைக் கடித்தார்.

சாமியார் வந்தார். தர்மராஜின் பாதத்தில் ஊற்றிய தண்ணீர் ஊற்றியது போலவே தெளிவாகக் கீழே விழுந்தது. ரோஜா வாசம் வேறு. முத்தமிடக் குனிந்த சாமியார் தும்மிவிட்டார்.

அடுத்து சந்தியாகு. பாத்திரத்துத் தண்ணீர் கறுத்துப்போனது. வேறு தண்ணீர் வந்தது. அதுவும் கறுத்தது. பாடகர் குழு அதே பாட்டை மூன்றாவது தடவை பாடியது. கேமரா அங்கேயே நின்றுவிட்டது. சாமியார் முகம் சுளிக்கவில்லை. தர்மராஜ்தான் சுளித்தார்.

பூசை முடிந்ததும் வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் கூடிவிட்டது.

"நீ வயலுக்கு வந்தியா, கோயிலுக்கு வந்தியாலே? ஆண்டவர் சந்நிதிக்கு வர்ற லட்சணமா இது? வர்ற வழியில ஒரு குழாய்கூடவா இல்ல?"

சந்தியாகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தான்.

"பேசுறானா பாரு! சாமி பயம் இருந்தாத்தானே?"

சந்தியாகு அவர் கையைப் பிடித்து மெதுவாகச் சுவரோரம் கூட்டிப்போனான். குரலைத் தாழ்த்தினான்.

"தப்புத்தாண்ணே. உங்க வீட்டைத் தாண்டி வாரேன், கொல்லையில சத்தம். உங்க அய்யா சேத்துல விழுந்து கெடக்காரு. முன்கதவு பூட்டியிருந்துச்சு. சுவரேறிக் குதிச்சேன். பயப்படாதீங்க, அடி ஒண்ணுமில்ல. குளிப்பாட்டி, வேட்டி மாத்தி, கட்டில்ல படுக்க வச்சுட்டுத்தான் வாரேன்."

தர்மராஜ் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"அவரு காலைக் கழுவி முடிக்கவும் மைக்குல பிரசங்கம் கேட்டுருச்சு. என் காலைக் கழுவ நேரமில்லாமப் போச்சுண்ணே."