மியூசியத்தில் மாட்டியிருந்த பூட்டி

"தாத்தா! நம்ம பூட்டியை இங்கன கொண்டாந்து மாட்டி வச்சிருக்காக!"

எட்டு வயது மகிமாவின் குரல் தேனி மியூசியம் முழுக்கக் கேட்டது. ஏதோ ஓர் அரண்மனையிலிருந்து பத்து நாள் காட்சிக்கு வந்திருந்தது அந்தப் புகழ்பெற்ற ஓவியம். மாதுளம்பழம் ஏந்திய மங்கை, கன்னத்தில் மச்சத்துடன் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தாத்தா சின்னச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் ஓவியம் பார்க்க வந்தவர்கள் அல்ல. அவர் மகள், மகிமாவின் அத்தை அனுசுயாவைப் பெண் பார்க்க வந்தவர்கள்.

வீட்டுக்கு வரச்சொன்னால் தேவாரம் ஊரில் அவர் தெருவே வாசலில் வந்து நிற்கும். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போனதை இன்னும் மென்றுகொண்டிருக்கிற தெரு அது. அதனால்தான் தற்செயலாகச் சந்திப்பதுபோல மியூசியத்தில் ஏற்பாடு. தெருவுக்குத் தெரியாது என்று அவர் நினைப்பு!

மாப்பிள்ளை ஆதித்தனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. வந்ததிலிருந்து அவன் ஓவியத்தின் பக்கமே திரும்பவில்லை. சிக்கல் அவன் அம்மா கஸ்தூரியம்மாள்தான். உத்தமபாளையம் சந்தையில் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவள்.

"யாரு பாப்பா இது?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"எங்க பூட்டி, தாத்தாவுக்கே அப்பத்தா. எங்க வீட்டு ஹால்ல மாலை போட்டு இருக்காக. அங்கன கண்டாங்கிச் சேலை, இங்கன பட்டுச் சேலை. மச்சம் அதே மச்சம்!"

"புள்ள உளறுது தங்கச்சி," என்றார் சின்னச்சாமி. போனில் "எங்க அப்பத்தா நடந்தா அரண்மனை நடை" என்று அவளிடம் அரை மணி நேரம் அளந்ததும் அவர்தான்.

கஸ்தூரியம்மாள் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் படத்தோடு மூக்கு உரச நின்றாள். காவலாளி அதட்டியது அவள் காதில் விழவில்லை. திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, உங்க குலசாமி எதுன்னு சொன்னீக?"

"பேச்சியம்மன். ஜாதகம் குடுக்கையிலயே சொன்னேனே."

"உங்க தாத்தா எந்த ஊருல இருந்து வந்தாக? மறைக்காமச் சொல்லுங்க."

"அம்மா, மெதுவா..." என்றான் ஆதித்தன்.

"நீ சும்மா இருடா. அந்தப் பொண்ணு பக்கத்துல நிக்காத, இங்கிட்டு வா!"

அனுசுயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாவதும் போனதாகவே முடிவு கட்டிவிட்டாள். "அப்பா, உள்ளதைச் சொல்லிருங்க. பொய்யை வச்சுக்கிட்டு அங்கன போயி என்னால குடும்பம் நடத்த முடியாது."

சின்னச்சாமி தரையைப் பார்த்தபடி சொன்னார். "அப்பத்தாவ நான் பாத்ததே இல்ல தங்கச்சி. ஒரு போட்டோ கூடக் கெடையாது. புது வீட்டுல மாட்டணுமேன்னு உங்க ஊரு ஸ்டூடியோக்காரர்கிட்ட கேட்டேன். அவரே ஒரு மொகத்தைப் பிடிச்சு, சேலைய மாத்திப் போட்டுக் குடுத்தாரு. இந்தப் படத்துல இருந்துதான் எடுத்தாருன்னு சத்தியமா இன்னைக்குத்தான் தெரியும்."

"எந்த ஸ்டூடியோ?"

"பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல, மாடியில. மலைச்சாமி ஸ்டூடியோ."

கஸ்தூரியம்மாள் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆதித்தன் அனுசுயாவைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"அப்பாடா! எங்க வீட்டுக்காரரும் அவுக அப்பத்தா படத்தை அங்கனதான் வாங்கியாந்தாக, இதே மொகம்... நான் பங்காளி வீட்டுப் பொண்ணு, இவனுக்குத் தங்கச்சி மொறையோன்னுல்ல பதறிட்டேன்!"