ஆறாவது சைரன்

காட்டோரக் கேமராவில் யானை தென்பட்டதும், பந்தலூர் தோட்டத் தொழிலாளர்களின் போனில் சைரன் அடிக்கும் ஆப் அது. நாளை எல்லோருக்கும் தரப்போகிறார்கள்.

அதைச் சோதிக்கும் ரேணுகாவுக்கு ஒரு பிடிவாதம். கம்ப்யூட்டரில் சோதனை டூல் ஆயிரம் முறை 'சரி' என்று பச்சை காட்டினாலும் நம்பமாட்டாள். தேயிலைக்குள் நிற்பவரின் போனில் அடித்தாக வேண்டும். அதற்காகக் கொழுந்து பறிக்கும் அம்மா தெய்வம்மாவின் நம்பரையே கொடுத்திருந்தாள்.

காலையிலிருந்து கோயம்புத்தூர் ஆபீஸில் இருந்தபடி அவளோடு வேலை செய்யும் வசந்த்குமார் ஐந்து முறை சைரனை அடிக்க வைத்தான். ஐந்து முறையும் தெய்வம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடி, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள்.

ஆறாவது முறை அடித்ததும் மகளுக்கே போன் போட்டாள்.

"ஏம்புள்ள, இதும் டெஸ்ட்டா? ஓடவா, நிக்கவா?"

"டெஸ்ட்டுதாம்மா. ஓடாம நின்னு வேலையப் பாரு."

நிம்மதியாக வசந்த்குமாரை அழைத்தாள் ரேணுகா. "ஆறாவதும் பாஸ், வசந்த்."

"ஆறாவதுங்களா?" என்றான் அவன். "இங்க நெட்டு போயி அரை மணி நேரமாச்சுங்க. அஞ்சோட நிறுத்திட்டனுங்களே!"

ரேணுகா பதறி அம்மாவின் நம்பரை அழுத்தினாள். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது.