பசை காயட்டும்

"காத்து பிரிஞ்சுதா?" என்று டாக்டர் கேட்டார்.

சுப்பையன் இல்லையென்று தலையாட்டினான். பொய்யில்லை. பிரியத்தான் இல்லை. அதைப் பிரியவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்து வைத்திருப்பவன் தானேதான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

குடலில் அழுகிப்போன துண்டை வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். காற்று பிரிந்தால் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். பிரிந்த பிறகுதான் கஞ்சி. அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

விட்டுத் தொலைக்கலாம்தான். ஆனால் மயக்கம் தெளிந்த அன்று, டாக்டர் அவன் கட்டிலுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நடுவில் நின்று நர்ஸிடம் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது.

"தையலுக்கு மேல பசை போட்டிருக்கேன். பிரான்ஸ்லேர்ந்து கொண்டாந்தது. ஜாக்கிரதையா பாத்துக்குங்க."

பசையா!

பசையைப் பற்றி சுப்பையனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சினிமாக் கொட்டகைக்கு போஸ்டர் ஒட்டுகிறவன். மைதாவைக் காய்ச்சி, மயில்துத்தம் கலந்து, பூவம் தொடங்கி சுரக்குடி வரை சுவர் விடாமல் ஒட்டியவன். பசைக்கு ஒரே எதிரிதான் உண்டு, காற்று. காய்வதற்கு முன்னால் கடற்காற்று அடித்தால் முதலில் மூலை கிளம்பும். அப்புறம் கதாநாயகியே முழுசாகக் கிளம்பி வாய்க்காலில் போய் விழுவாள்.

பிரான்ஸ் பசையானாலும் பசை பசைதானே.

பக்கத்துக் கட்டில் ஜவுளிக்கடை பீர் மைதீனுக்கும் அதே அறுவைதான். அவருக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. வார்டே அதிரும்படி விட்டுவிட்டு, நிம்மதியாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். சுப்பையன் தன் பசைக் கதையை ரகசியமாகச் சொன்னபோது, பாவப்பட்ட மனுஷன் என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

டாக்டர் அவன் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். முகம் சுருங்கியது. சாயங்காலத்துக்குள் பிரியாவிட்டால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்று அவன் மனைவி வடிவாம்பாளிடம் சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

வடிவாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிடித்து வைத்தாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. அவளை இப்படி அழவைத்துவிட்டுச் செத்துப்போக சுப்பையனுக்கு மனசில்லை. அவளை அருகே இழுத்து, காதோடு உண்மையைச் சொன்னான்.

"வடிவு, காத்து வருதுடி. விட்டா பசை பிச்சுக்குமேன்னு நான்தான் புடிச்சு வச்சிருக்கேன்."

அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். குபுக்கென்று சிரித்துவிட்டாள். கண்ணீரும் மூக்கொழுகலுமாக அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவனுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

ஈர போஸ்டரைச் சுவரிலிருந்து கிழிப்பதுபோல, நீளமாகப் பிரிந்தது. சுப்பையன் கண்ணை இறுக மூடிக்கொண்டு சாவுக்குக் காத்திருந்தான்.

ஒன்றும் ஆகவில்லை. பசித்தது.

பக்கத்துக் கட்டிலருகே நின்றிருந்த டாக்டர் திரும்பினார். வடிவாம்பாள் விஷயத்தைச் சொன்னதும், மரியாதையை மறந்து வாய்விட்டுச் சிரித்தார்.

"அட சுப்பையா, ஒனக்கு வெறும் தையல்தான்யா. பசை போட்டது நம்ம பாய்க்கு!"

பீர் மைதீன் வாயருகே கொண்டுபோன கஞ்சிக் குவளையை மெல்லக் கீழே வைத்தார். கால்களை ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டார்.

டாக்டரின் தலை வாசலில் மறைந்ததும், உடம்பை அசைக்காமல் முகத்தை மட்டும் சுப்பையன் பக்கம் திருப்பினார்.

"தம்பி, அது காயறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"