ஹூலியாவின் கையெழுத்து

பொக்லைனின் பல் வரப்பில் இறங்கப்போன நேரத்தில் அம்சம் அதன் எதிரே போய் நின்றாள்.

"தள்ளு அம்சம். இனிமே இது இறால் பண்ணை. தியாகராசன் பொண்டாட்டியே சம்மதக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டா" என்றார் பஞ்சநதம். ஸ்பெயினில் வேலை பார்த்து, போன வருடம் அங்கேயே இறந்துபோன தியாகராசனின் பெரியப்பா மகன் அவர்.

அம்சமும் அவள் கணவன் ரெத்தினமும் தியாகராசனின் அந்த நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்டிருந்தார்கள். கதிர் தலை சாய்ந்துவிட்டது. அறுக்க இன்னும் பத்து நாள் வேண்டும்.

"பத்தே பத்து நாள் பொறுங்கய்யா. அஞ்சு மாசப் பாடு" என்றான் ரெத்தினம்.

"பொறுத்தா, கொடியத் தூக்கிக்கிட்டு நாலு பேரக் கூட்டியாந்து வரப்புல உக்காருவீங்க. எனக்குத் தெரியாதா? ஏய், வண்டிய எடுடா!"

"ஒரு நிமிஷம்" என்று கையைக் காட்டி நிறுத்தினார் வி.ஏ.ஓ. மீரா உசேன். "பத்திரத்த நான் பாக்கணும்."

அவர் புரட்டிப் பார்த்த தாள்களை அம்சமும் கேட்டு வாங்கினாள். எட்டாவது வரை படித்தவள். கடைசிப் பக்கத்துக் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை மெதுவாக ஒருமுறை விரலால் தடவினாள்.

"என்னடி படம் பாக்கறியா? ஜூலியா தியாகராசன்னு கொட்டை எழுத்துல இருக்குல்ல?" என்றார் பஞ்சநதம்.

"ஜூலியா இல்லீங்க, ஹூலியா. அங்க 'ஜே'ங்கற எழுத்த அப்படித்தான் சொல்லுவாங்களாம். நாலு வருசத்துக்கு முன்னாடி எங்க பொண்ணு செவ்வந்தி கல்யாணத்துக்கு வந்தப்ப அவங்களே சொன்னாங்க. தம்பி பொண்டாட்டி பேரு உங்களுக்குத் தெரியாதாங்க?"

பொக்லைன் டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டான். பஞ்சநதத்தின் முகம் சிவந்தது.

அம்சம் வி.ஏ.ஓ. பக்கம் திரும்பினாள். "சார், இதோட பாஸ்போர்ட் நகல் இருக்கே, அதுல என்ன பேரு?"

மீரா உசேன் எழுத்துக் கூட்டினார். "ஹூலியா மொரேனோ ரூயிஸ்."

"மொரேனோ அவங்க அப்பா வழிப் பேரு, ரூயிஸ் அம்மா வழிப் பேரு. அந்த ஊர்ல கல்யாணம் ஆனாலும் பொம்பளைங்க பேரை மாத்திக்க மாட்டாங்களாம் சார். புருசன் பேரு எதுலயும் வராதாம்."

"உன் பேருக்கு முன்னாடி ரெத்தினம் இனிஷியல் இல்லையா? அதே மாதிரிதான்!" என்று கத்தினார் பஞ்சநதம்.

"நம்மூர்ல உண்டுங்க. அந்தம்மா அந்த ஊராச்சே?"

மீரா உசேன் கைபேசியில் எதையோ தேடிப் படித்தார்.

"அம்சம் சொல்றது சரிதான்" என்றார் அவர். "பாஸ்போர்ட்டுல ஒரு பேரு, கையெழுத்துல ஒரு பேரு. தாசில்தாருக்கு எழுதறேன். அங்கேருந்து விசாரிச்சுப் பதில் வர ஒரு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் நிலத்துல மிஷின் இறங்கக் கூடாது."

"பயிர்?" என்றான் ரெத்தினம்.

"வச்சவங்க அறுத்துக்கட்டும்."

பஞ்சநதம் தாள்களைப் பிடுங்கிக்கொண்டு காரில் ஏறினார். பொக்லைன் பின்னாலேயே உறுமிக்கொண்டு போனது.

புழுதி அடங்கியதும் ரெத்தினம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். "கெட்டிக்காரிடி நீ! கையெழுத்து போலின்னு பாத்ததுமே எப்படிக் கண்டுபிடிச்ச?"

அம்சம் சாய்ந்த கதிர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "போலின்னு நான் எங்கய்யா சொன்னேன்? நம்ம செவ்வந்தி கல்யாணத்துல சாட்சிக் கையெழுத்தும் அந்தம்மா இப்படித்தான் போட்டுச்சு."