ஏழாம் நம்பர் இதயம்

“இதுதாம்மா உங்க வீட்டுக்காரர் கொடுத்த இதயம்.”

டாக்டர் கண்ணாடிக் குடுவையைக் காட்டியதும், உதவியாளர் குடுவையோடு இணைந்திருந்த பம்ப்பைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வந்த பெண் மூன்றடி தள்ளியே நின்றுவிட்டாள்.

“ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கு?”

“சோப்புத் தண்ணியில பத்து நாள் கழுவுவோம். பழைய செல்லெல்லாம் போய், கூடு மட்டும் நிக்கும். அதுல புது செல்லை வளர்த்தா, பின்னாடி ஒருத்தருக்குப் பொருத்தலாம். இங்க எனக்கு சோப்பு டாக்டர்னே பேரு.”

அவள் சிரிக்கவில்லை. “அப்போ அவரோடதுன்னு இதுல ஒண்ணுமே மிச்சமில்லையா?”

டாக்டர் குடுவை பக்கம் திரும்பிக்கொண்டார். “கூடு அவரோடதுதாம்மா.”

பொய். விபத்தில் அடிபட்டு, யாருக்கும் பொருத்த முடியாமல் ஆராய்ச்சிக்கு வந்த ஏழாம் நம்பர் இதயத்தில் போன மாதமே பூஞ்சை பிடித்துவிட்டது. கருத்தரங்குக்குக் கிளம்பிய அவசரத்தில் வடிகட்டியை மாற்றாமல் போனது அவர்தான். வேறு வழியில்லாமல் அதை எரித்தாயிற்று.

இப்போது குடுவைக்குள் தொங்குவது, சோதனைக்காக வாங்கிய ஒரு பன்றியின் இதயம். இறந்தவரின் பெயரைச் சொல்லி ஒரு பெண் இதயத்தைப் பார்க்க வந்திருப்பதாக வாசலிலிருந்து போன் வந்தபோது, உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“பக்கத்துல போகலாமா?”

“போங்கம்மா.”

அவள் விரல் நுனியால் கண்ணாடியைத் தொட்டாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். “சூடா இருக்கு!”

“உடம்புச் சூட்டுலதான் வெச்சிருப்போம்.”

“அன்னிக்குப் போட்டிருந்த நீலச் சட்டை கண்ணுக்குள்ளயே நிக்குது டாக்டர். முகம்தான், எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டேங்குது.”

டாக்டர் தலையாட்டினார். அவருடைய மனைவி இறந்த புதிதில் அவருக்கும் அப்படித்தான் இருந்தது.

அவள் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்தாள். “மன்னிச்சிடுங்க... மன்னிச்சிடுங்க...” தோள்கள் குலுங்கின.

உதவியாளர் டாக்டரின் காதருகே வந்தாள். “போதும் டாக்டர். ஒரு பன்னிகிட்ட அழுதுட்டிருக்காங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

டாக்டர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டவில்லை. அந்தப் பெண்ணின் முகம் தெளிவாகத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று பட்டது.

“அம்மா, இது அவரோடது இல்ல. பன்னியோடது. அவரோடதை என் அஜாக்கிரதையால கெடுத்துட்டேன். பெரிய மனசு பண்ணி நீங்க கொடுத்ததை ஒழுங்கா வெச்சுக்கத் துப்பில்ல எனக்கு. அது போதாதுன்னு பொய் வேற சொன்னேன்.”

அவள் நிமிர்ந்தாள். திட்டப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். அந்தத் திட்டு அவருக்குத் தேவையாகவும் இருந்தது.

அவள் குடுவையை விட்டு ஓரடி பின்வாங்கினாள்.

“ஏதாவது சொல்லுங்கம்மா. வீட்டு விலாசம் கொடுங்க. பிள்ளைங்க முன்னாடியும் வந்து மன்னிப்புக் கேக்கறேன்.”

“அந்த வீட்டு வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போயிட்டு, மணியடிக்கத் தைரியமில்லாமத் திரும்பி வந்தேன்” என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. “நான் அவரோட மனைவி இல்ல டாக்டர்.”

“அப்போ நீங்க...?”

“அவர் மேல காரை ஏத்தினது நான்தான்.”