இருபத்தாறு வட்டங்கள்

பிளஸ் டூ சமூகவியல் வகுப்பில் அன்று ஒரு பயிற்சி. யார் பக்கத்தில் உட்கார ஆசை என்று ஆளுக்கு இரண்டு பெயரைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம், ஆசைப்பட்டவரை நோக்கி ஓர் அம்பு என்று எல்லாவற்றையும் சார்ட்டில் வரைய வேண்டும். கையெழுத்து முத்து முத்தாக இருக்குமே என்று ஜெயசீலி மிஸ் அந்த வேலையைச் சுகிர்தாவின் தலையில் கட்டிவிட்டார். வீட்டில் சார்ட்டை விரித்து வைத்துக்கொண்டு இருபத்தேழு சீட்டுகளையும் மூன்று தடவை பிரித்துப் பார்த்தாள். அவள் பெயர் ஒன்றில்கூட இல்லை. பெனாசிர் என்று முதல் பெயராக எழுதியிருந்த தன் சீட்டை மட்டும் நான்காக மடித்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துவிட்டு வரைய உட்கார்ந்தாள்.

மறுநாள் கரும்பலகையில் தொங்கிய சார்ட்டை மிஸ் ஸ்கேலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

“இருபத்தாறு வட்டம்தான் இருக்கு. ஒரு ஆள் குறையுதே, யாரும்மா அது?”

“எல்லாரும் இருக்கோமே மிஸ்!” என்றாள் பெனாசிர்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் பிடிபடவில்லை. சுகிர்தாவும் அவர்களோடு சேர்ந்து திரும்பி, கடைசி பெஞ்சு வரைக்கும் தேடினாள்.