கல்யாண வருஷம்

டகோட்டாவில் முதன்முதலாகக் குடியேறிய விவசாயக் குடும்பங்களைப் பற்றிப் புத்தகம் போடும் ப்ரோம், ராக்னாவின் சமையலறையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

“உங்க கல்யாணம் எந்த வருஷம்மா?”

“ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தெட்டு.”

“மகன் ஈவர் பொறந்தது?”

“எண்பத்தாறு.”

ப்ரோமின் பேனா நின்றது. கதவோரம் நின்ற ஈவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“அம்மா, ஊரே படிக்கப்போற புத்தகம்! நான் சர்ச் கமிட்டியில வேற இருக்கேன். கல்யாணம் எண்பத்தஞ்சுன்னு சொல்லிடேன்.”

“பொய் சொல்ல மாட்டேன்.”

“உங்க வீட்டுக்காரர் இழுத்தடிச்சாரா?” என்று ப்ரோம் மெல்லக் கேட்டார்.

“அவரா? மாசாமாசம் கெஞ்சினார். நான்தான் முடியாதுன்னேன். புருஷன் பொண்டாட்டின்னா அரசாங்கம் ஒரு நிலம்தான் கொடுக்கும். தனித்தனி ஆளுன்னா ஆளுக்கு ஒண்ணு. ஆனா அஞ்சு வருஷம் அவங்கவங்க நிலத்துலதான் குடியிருக்கணும். அதனால ரெண்டு நிலத்துக்கும் நடு எல்லை மேலயே இந்த வீட்டைக் கட்டினோம். அவர் கட்டில் அவர் நிலத்துல, என் கட்டில் என் நிலத்துல. பட்டா கைக்கு வந்த மறுநாளே சர்ச்சுக்குப் போனோம்.”

“அப்போ ஈவர்...?”

“டகோட்டா குளிர் உங்களுக்குத் தெரியாதா?”

“மானமே போச்சு!” என்று கத்தினான் ஈவர்.

“ப்ரோம், எண்பத்தெட்டுன்னே எழுதுங்க,” என்றாள் ராக்னா. பிறகு மகனிடம் திரும்பினாள்.

“நீ தனியாக் கட்டின வீடு நிக்கிறது, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு வாங்கின என் நிலத்துலடா. வெட்கமா இருந்தா, பிரிச்சு எடுத்துக்கிட்டு உங்கப்பா பக்கம் போ!”